நாப்பது தாண்டினாப் பிறகு பலகையில ஏறுறதெண்டா எந்தப் பலகை?

என்னோட வேலை செய்யிற தங்கச்சி ஒராள், வயசு 43, போன கிழமை மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள், "அக்கா, நானும் ஏதாவது ஒண்டு தொடங்கப் போறன், ஆனா எதெண்டுதான் தெரியேல்ல, உங்களை மாதிரிக் கடலுக்க நிண்டுகொண்டு துடுப்பு வலிக்கிறதோ, மோளின்ர ஸ்கேட்போர்ட்டில ஏறுறதோ, இல்லாட்டி ஓகஸ்ட் லீவுக்கு அறுகம்பே போய் அலையில ஏறிப் பார்க்கிறதோ, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ" எண்டு. புட்டு ஆறமுதல் சொல்லி முடிக்கிற விசயமே அது. நாலு வருசத்தில நாலு விதமான பலகையிலயும் ஏறி நாலிலயும் விழுந்தெழும்பினவள் எண்டபடியா எனக்குச் சொல்லக் கனக்கக் கிடக்கு, அதால அவளுக்குச் சொல்லுறதை எல்லாருக்குமாச் சேர்த்து எழுதிவிடுறன். எனக்கு இப்ப 48.

முதல்ல ஒரு பகிடி. "ரொறன்ரோவில இருந்து மச்சாள் வரேக்க ஒரு போர்ட் கொண்டு வாறா" எண்டு நான் வீட்டில சொல்ல, மனிசன் போட் எண்டு விளங்கிக்கொண்டு "எத்தினை குதிரை எஞ்சின்?" எண்டு கேட்டவர். எங்கட வாயில ரெண்டும் ஒரே சத்தம்தானே. அதால நான் பலகை எண்டே எழுதுறன்.

யூரியூப்பில பார்த்தா எல்லாப் பலகையும் வடிவாத்தான் இருக்கும், எதில ஏறினாலும் பறக்கலாம் போலத்தான் கிடக்கும், ஆனா எங்கட வயசில, எங்கட யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு, கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. விழுந்தா எதுக்கு மேல விழுவன்? மாசத்தில எத்தினை தரம் ஏறுவன்? முதலாவதை எல்லாரும் யோசிப்பினம், ரெண்டாவதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. இருபது வயசில ஒரு கிழமை பழகினா உடம்பு அதை வைச்சிருக்கும், 45ல அப்பிடி இல்லை, ரெண்டு மாசம் விட்டா முழங்கால் "நீ ஆர்?" எண்டு கேக்கும். அதோட பிள்ளையளின்ர ரியூசன், மாமியின்ர கிளினிக், செத்தவீடு கலியாணவீடு எண்டு எங்கட நேரம் எங்கட கையில இல்லை. வீட்டில இருந்து முக்கால் மணித்தியாலத்தில போகக்கூடிய ஒரு சுமாரான விளையாட்டு, வருசத்துக்கு ஒருக்காப் போற சொர்க்கத்தைவிடத் திறம் எண்டு நான் நினைக்கிறன், ஆனா அந்த சொர்க்கத்தையும் சொல்லாமல் விடமாட்டன்.

வீட்டுக்குள்ளயே கிடக்கிறது ஸ்கேட்போர்ட், அதில இருந்து தொடங்குவம். 2021ல டோக்கியோ ஒலிம்பிக்கில முதன்முதலா ஸ்கேட்போர்ட் வந்தநேரம் பொம்பிளையளின்ர ஸ்ரீட் போட்டியில தங்கமும் வெள்ளியும் எடுத்ததுகள் ரெண்டும் 13 வயசுப் பிள்ளையள், அதைப் பார்த்திட்டுத்தான் என்ர மோள் நச்சரிச்சு ஒண்டு வாங்குவிச்சவள், ஆறு மாசத்தில அலுத்துப்போய்க் கட்டிலுக்குக் கீழ தள்ளிவிட்டாள். ஒருநாள் கூட்டேக்க விளக்குமாறு தட்டி அது உருண்டு வெளியில வந்தது. ஒருத்தரும் வீட்டில இல்லை. விறாந்தைக் கிறில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல ஏறி நிண்டன், அவ்வளவுதான், ஏதோ சின்ன வயசில பனங்காய் வண்டில் உருட்டின மாதிரி ஒரு சந்தோசம். சோறு அடிப்பிடிச்ச மணம் வந்தாப் பிறகுதான் இறங்கினன்.

மூண்டாம் நாள் கிறிலை விட்டிட்டு ஓடப் பார்த்தன். இதில ஒரு நுட்பம் இருக்கு, பயம் வந்தா உடம்பு தன்ர பாட்டில பின்னுக்குச் சாயும், பின்னுக்குச் சாய்ஞ்சா பாரம் பின்சில்லுக்குப் போய்ப் பலகை முன்னுக்குப் பாயும், பலகை போகும் நீங்கள் அந்த இடத்திலயே இருப்பியள், ஆனா சீமெந்தில. நான் அப்பிடித்தான் குண்டி அடிபட விழுந்தனான், ரெண்டு கிழமை ஒஃபிஸ் கதிரையில தலையணி போட்டுத்தான் இருந்தது, கேட்ட ஆக்களுக்குக் குளிக்கிற இடத்தில வழுக்கினது எண்டு சொல்லிச் சமாளிச்சன். முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு, நெஞ்சை முன்கால் பக்கம் கொண்டு போனாத்தான் பலகை உங்களோட நிக்கும், பயம் சொல்லுறதுக்கு நேர் எதிர் அது.

நான் விழேக்க கையை ஊண்டாதது அதிர்ஷ்டம். மாதவிலக்கு நிக்கிற வருசங்களை ஒட்டி எலும்பு கெதியாத் தேயத் தொடங்கும், ஈஸ்ட்ரோஜன் குறையிறதாலதான், அந்த வயசுப் பொம்பிளையள் விழுந்து கையை ஊண்டினா முதல்ல முறியிறது மணிக்கட்டு. அதால 45க்கு மேல ஸ்கேட்போர்ட் எண்டா ஹெல்மெற், முழங்கால் கவசத்தோட மணிக்கட்டுக்குப் போடுற கவசம் கட்டாயம், அம்மாவுக்கோ அக்காமாருக்கோ இடுப்பெலும்பு முறிஞ்ச கதை குடும்பத்தில இருந்தா முதல்ல டொக்டரிட்டக் கேட்டு டெக்ஸா எண்ட எலும்பு ஸ்கானை எடுத்துப் பார்த்திட்டுத்தான் தொடங்கோணும். சில்லும் பார்க்கோணும், கடையில வாற சாதாரணப் பலகையின்ர சில்லு 52 மில்லிமீற்றர், கல்லு மாதிரி இறுக்கம், எங்கட ஒழுங்கையில கிடக்கிற ஒரு சின்னச் சல்லிக்கல்லில பட்டாலே சடாரெண்டு நிண்டு உங்களைத் தூக்கி எறியும், எங்களுக்குச் சரி நீளமான லோங்போர்ட், சில்லு 65, 70 மில்லிமீற்றர், ரப்பர் மாதிரி மெத்தெண்டு, 78 ஏ எண்டு போட்டிருக்கும். பண்ணைக் கடற்கரையில ஆக்கள் நடக்க வரமுதல் விடியக் காலமை ஓடலாம், நாய்களைச் சமாளிச்சா. 2024ல பாரிஸ் ஒலிம்பிக்கில அண்டி மெக்டொனால்ட் எண்ட பிரித்தானியாக்காரர் 51 வயசில ஸ்கேட்போர்ட் ஓடினவர், பிள்ளையள் அதைக் காட்டி "அம்மா பாருங்கோ" எண்டினம், பார்த்தன், அவர் சின்ன வயசில இருந்து அதிலயே பிழைச்ச மனிசன். நான் 44ல கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்தனான்.

அப்ப மச்சாள் கொண்டுவந்த பலகை, நிண்டுகொண்டு துடுப்பு வலிக்கிறது. இது காத்தடிக்கிற சாதி, சுருட்டினா ஒரு பெரிய முதுகுப்பை, ஒம்பது கிலோ சொச்சம், பிளேனில ஒரு பொதியாப் போட்டுக் கொண்டு வந்திட்டா. விரிச்சா 10 அடி 6 அங்குலம் நீளம், 32 அங்குலம் அகலம், 6 அங்குலத் தடிப்பு, எங்களை மாதிரித் தொடங்கிற ஆக்களுக்கு இந்த அளவு சரி, அகலம் குறைஞ்சதை மலிவெண்டு வாங்கிப்போட்டு ஆடிக்கொண்டு நிக்கக்கூடாது. 15 பி.எஸ்.ஐ வரைக்கும் பம்ப் அடிக்கோணும். முதல் பத்து வரைக்கும் சும்மா போகும், கடைசி அஞ்சுதான் உயிரை எடுக்கும், முழு உடம்புப் பாரத்தையும் கைபிடியில போட்டு அமத்தோணும், மனிசன் வந்தா அவர் அடிப்பார், வராட்டி நான் "கந்தா முருகா" எண்டு எண்ணிக்கொண்டு அடிப்பன். காத்துக் குறைய விட்டா நடுவில வாழைத்தார் மாதிரி வளைஞ்சு நிக்கும், அதுக்கு மேல ஒருத்தராலயும் நிக்கேலாது, "எனக்கு பலன்ஸ் வராது" எண்டு சொல்லுற பாதிப் பேருக்குப் பிழை காலில இல்லை, காத்தில.

கொண்டு போறது காரைநகர் கசூரினாவுக்கு. ரவுணில இருந்து 20 கிலோமீற்றர் வரும். அங்க கன தூரத்துக்கு இடுப்பளவு தண்ணிதான், கீழ மணல், விழுந்தா நனைவியள், அதோட சரி. முதல்ல முழங்காலில இருந்து வலிக்கோணும், பிறகு துடுப்பைக் குறுக்க வைச்சு ஊண்டி ஒரு காலை எடுத்து, மற்றக் காலை எடுத்து, நடுவில தூக்கிற பிடிக்கு ரெண்டு பக்கமும் பாதத்தை வைச்சு எழும்போணும், எழும்பினதும் காலடியைப் பார்க்கக்கூடாது, பார்த்தா விழுவியள், தூரத்தில ஒரு பனையைப் பாருங்கோ.

எழும்பிறதுதான் எனக்கு வரேல்ல. நாலு கிழமை முழங்காலிலயே திரிஞ்சனான். மச்சாள் கரையில நிண்டு "எழும்பும், எழும்பும், இடுப்பளவு தண்ணிதானே" எண்டு கத்துறா, மூளைக்கு விளங்குது, உடம்பு கேக்குதில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போற வழியிலதான் அது பிடிபட்டது. 93ல எனக்கு 16 வயசு, சண்டைக் காலம், கிளாலிக் கடலேரியால இரவில போட்டில வந்தனாங்கள், லைற் இல்லை, சத்தம் இல்லை, அம்மா என்ர பிடரியில கையை வைச்சு "குனி, குனி" எண்டு அமத்திப் பிடிச்சபடி. அதுக்குப் பிறகு நான் ஒரு வள்ளத்திலயும் நிமிர்ந்து நிண்டதே இல்லை, நயினாதீவுக்குப் போற லோஞ்சிலகூட உள்ளுக்க போய்க் குந்திக்கொண்டுதான் இருப்பன். எங்கட வயசுக்காரர் எத்தினை பேருக்கு இது இருக்குதோ தெரியேல்ல, வடமராட்சி கிழக்குப் பக்கத்து ஆக்களுக்கு அதுக்கு மேல 2004 சுனாமியும் இருக்கு, அதால ஆரும் தண்ணிக்குக் கிட்டப் போய்ப் பின்வாங்கினா "என்ன இவ்வளவு பயம்" எண்டு கேக்காதேங்கோ. அஞ்சாவது கிழமை மச்சாளைக் கத்தாமல் இருக்கச் சொல்லிப்போட்டு எழும்பினன். மூண்டு செக்கன். பிறகு தொப்பெண்டு விழுந்து மூக்கால வாயால உப்புத் தண்ணி.

இப்ப இதில இருக்கிற உண்மையான ஆபத்தைச் சொல்லோணும், ஒருத்தரும் வடிவாச் சொல்லுறேல்ல. கசூரினா வடக்குப் பார்த்த கரை. வைகாசிக்குப் பிறகு சோழகம் பிடிச்சா காத்து தென்மேற்கில இருந்து, அதாவது கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். கரையில நிண்டு பார்த்தா கடல் தட்டுப்போலக் கிடக்கும், அலையே இருக்காது, "ஆகா என்ன அமைதி" எண்டு இறங்குவியள், நூறு மீற்றர் போனாப் பிறகு திரும்பினாத்தான் தெரியும் காத்து எவ்வளவு எண்டு, நிண்டுகொண்டிருக்கிற உடம்பே ஒரு பாய் மாதிரி, தன்ர பாட்டில உங்களைக் கோடியக்கரைப் பக்கம் அனுப்பத் தொடங்கியிடும். எனக்கு ஒருக்கா நடந்தது. பலகையில குப்புறப் படுத்துக் கையால வலிச்சுத்தான் கரைக்கு வந்தன், கை ரெண்டும் ரெண்டு நாள் தூக்கேலாமல் கிடந்தது. வாடைக்காத்து மற்றப் பக்கம், அலை எழும்பும், பார்க்கப் பயமா இருக்கும், ஆனா உங்களைக் கரைக்குத்தான் தள்ளும். எனவே சோழகக் காலத்தில விடிய வெள்ளன, காத்து எழும்பமுதல், இடுப்பளவு தண்ணியைத் தாண்டாமல், எப்பவும் முதல்ல காத்துக்கு எதிராப் போய்ப் பிறகு காத்தோட திரும்பி வாறது, காலில கட்டுற கயிறு, லைவ் ஜக்கெற் ரெண்டும் இல்லாமல் இறங்கிறதே இல்லை. பலகையை விட்டிட்டு நீந்தி வர நினைக்கவே கூடாது, அந்தப் பலகைதான் உங்களைக் காப்பாத்திற சாமான். பங்குனி, சித்திரை நல்ல மாசம், காத்து மாறுற காலம், கடலும் சும்மா கிடக்கும்.

வாடை நேரம் நான் பண்ணை, மண்டைதீவுப் பக்கம் நீரேரிக்க போறனான். அங்க அலை இல்லை, ஆனா சிறகுவலைத் தடியள், கடலட்டைப் பண்ணைக் கம்பியள், சாதாளை போய்ப் பலகைக்குக் கீழ இருக்கிற செட்டையில சுத்துறது, எல்லாம் இருக்கு, மட்டி ஓடு காலைக் கிழிக்கும், திருக்கை மணலுக்க படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடந்தா அது விலகிப் போயிடும். ரப்பர் சப்பாத்து கட்டாயம். சீனி வருத்தம் இருக்கிற ஆக்கள், காலில உணர்ச்சி குறைஞ்ச ஆக்கள் இதைப் பகிடியா எடுக்கக்கூடாது, சின்னக் கீறல் எங்க கொண்டுபோய் விடுமெண்டு எல்லா வீட்டிலயும் ஒரு கதை இருக்குதானே. தொழில் செய்யிற ஆக்களிட்ட முதல்லயே கேட்டிட்டுப் போறது மரியாதையும்கூட. நான் கேட்ட அண்ணை ரெஜிபோம் தெப்பத்தில நிண்டு மரக்கோலால தாங்கிக்கொண்டு வந்தவர், என்ர பலகையை மேலயும் கீழயும் பார்த்திட்டு "பிள்ளை, உதைக் காசு குடுத்தோ வாங்கினனீங்கள்?" எண்டு கேட்டார். அவரை மாதிரி நேரா நிக்க எனக்கு இன்னும் ஏலாது.

கிழக்குக் கரையில இருக்கிற அறுகம்பே. இதுதான் நான் சொன்ன சொர்க்கம். யாழ்ப்பாணத்தில ஏன் அலையில ஏறேலாது எண்டு கன பேர் கேக்கினம், எங்கட வடக்குக் கரைக்கு முன்னால கிடக்கிறது பாக்குநீரிணை, ஆழம் குறைஞ்ச, ரெண்டு பக்கமும் நிலம் அடைச்ச கடல், தூரத்தில பிறந்து உருண்டு வாற பெரிய அலை அதுக்குள்ள வந்து சேராது, வாடையில பருத்தித்துறையில இருந்து கிழக்கால அலை அடிக்கும்தான், ஆனா அது பாறையும் இழுவையும், பழகிற இடமில்லை. அறுகம்பேயில வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சீசன். அங்க பேபி பொயின்ற், விஸ்கி பொயின்ற் எண்டு பழகுனருக்கான இடங்கள் இருக்கு, மெயின் பொயின்ற் பக்கம் பார்க்க மட்டும் போங்கோ. மற்றது, இலங்கையிலயே முதன்முதலாப் பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு ஒரு சேர்ஃப் கிளப் அங்கதான் 2018ல தொடங்கினது, பிள்ளை குட்டிக்காரர் எல்லாம் அலையில ஏறினம், அதால நீங்கள் பலகையோட போனா ஒருத்தரும் விசித்திரமாப் பார்க்க மாட்டினம், அந்த ஒண்டுக்காகவே ஒருக்காப் போகலாம்.

ஆனா சேர்ஃபிங்கில எங்கட வயசுக்கு முட்டுக்கட்டை ஒண்டு இருக்கு. பலகையில குப்புறப் படுத்திருக்கிற நீங்கள் அலை தள்ளின உடன ஒரே எத்தில நிக்கோணும். இருபது வயசுப் பிள்ளையள் பூனை மாதிரி எழும்புதுகள். நான் முதல் நாள் எழும்பின எழுப்பத்தைப் பழக்கிற பெடியன் பார்த்திட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அன்ரி, முதல்ல ஒரு முழங்காலை வையுங்கோ, பிறகு மற்றக் கால்" எண்டான், அப்பிடி ரெண்டு கட்டமா எழும்பினா அலங்காரமில்லைத்தான், ஆனா நிக்கலாம். ஒம்பது அடி ஸ்பொஞ்ச் பலகை கேளுங்கோ, சின்னப் பலகையைத் தந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. போறதுக்கு ஆறு கிழமைக்கு முதல் விறாந்தையில பாயை விரிச்சுப் படுத்தெழும்பிப் பழகினா காசு மிச்சம், நான் பழகாமல் போய் முதல் ரெண்டு நாளை வீணாக்கினனான். விழேக்கத் தலையால பாயாமல் தட்டையா விழுந்து, மேல வரேக்க ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கொண்டு வாங்கோ, அலையைவிடப் பலகைதான் அடிக்கும். உண்மையில இந்த விளையாட்டில நிக்கிறது கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் படுத்திருந்து கையால வலிக்கிறது, அதால தோள்மூட்டு இறுகிப்போன ஆக்களுக்கு, எங்கட வயசுப் பொம்பிளையளுக்கும் சீனிக்காரருக்கும் அது கூட வரும், இது சரிவராது, தோள் விட்டாப் பிறகு பார்ப்பம். சிசேரியன் தழும்பில படுத்தா இழுக்குமோ எண்டு ஒராள் கேட்டவா, எனக்கு ரெண்டும் சிசேரியன், ரெண்டாம் நாளுக்குப் பிறகு நெஞ்சு எலும்புதான் நொந்தது, வயிறு இல்லை.

இருந்தாலும் அந்த ஒரு அலை. அஞ்சாம் நாள் பின்னேரம், நுரைத் தண்ணிதான், முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனா பின்னால இருந்து ஆரோ கை வைச்சுத் தள்ளின மாதிரி அது என்னைக் கரைக்கே கொண்டுவந்து விட்டது. மனிசன் வீடியோ எடுக்க மறந்துபோய் நிண்டவர். அதுக்கு இன்னும் அவரோட எனக்குக் கோவம்.

தூரம்தான் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில இருந்து 400 கிலோமீற்றருக்கு மேல, போக ஒரு பகல், வர ஒரு பகல். கலியாணத்துக்குச் சீலை எடுக்கச் சென்னைக்குப் போற ஆக்களுக்கு ஒரு யோசனை, பலாலியில இருந்து பிளேன் ஏறினா ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள சென்னை, அங்க இருந்து மகாபலிபுரம் போற வழியில கோவளம் எண்ட மீன்பிடிக் கிராமத்தில சேர்ஃப் பள்ளிக்கூடம் இருக்கு, மூர்த்தி மேகவன் எண்ட கடற்றொழிலாளி தொடங்கினது, தமிழிலயே பழக்குவினம். நேரக் கணக்குப் பார்த்தா எங்களுக்கு அறுகம்பேயைவிடக் கோவளம் கிட்ட.

நாலாவது பலகை கைட், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில நிண்டு கடலில ஓடுறது, அதைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லுறன், ஏனெண்டா அதை நான் முடிக்கேல்ல. கற்பிட்டியில மூண்டு நாள் பழகினன். வல்வெட்டித்துறையில தைப்பொங்கலுக்கு ஏத்துற பட்டத்தைப் பார்த்து வளந்த ஆக்களுக்கு அது அந்நியமே இல்லை, பட்டத்தில கட்டுற முச்சை நூல் பிழைச்சா பட்டம் குத்தும் எண்டு எங்களுக்கு ஏழு வயசிலயே தெரியும், இஞ்ச முச்சைக்குப் பதிலா 20 மீற்றர் சொச்ச நீளத்தில நாலு நூல், பட்டம் தலைக்கு நேர மேல நிண்டா மணிக்கூட்டின்ர 12 எண்டுவினம், அங்க அமைதி, பக்கத்துக்குச் சரிய இழுவை. பலம் வேணும் எண்டு நினைக்கிறது பிழை, இழுவை எல்லாம் நாரியில கட்டுற பட்டிக்குத்தான் போகுது, கைக்கு இல்லை, என்னோட பழகின 50 வயசு அம்மா ஒராள் வாட்டசாட்டமான பெடியளைவிட நல்லாச் செய்தா, ஏனெண்டா அவா இழுக்கேல்ல, விட்டுக் குடுத்தா. ஆனா 20 நொட் காத்தெண்டா மணிக்கு 37 கிலோமீற்றர், ஒரு பிழை விட்டா அது உங்களை இழுத்துக்கொண்டு போகும், அந்தச் சிவப்புப் பிடியைத் தள்ளிப் பட்டத்தை விடுவிக்கிறதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகோணும். ஆசிரியர் இல்லாமல் தொடவே கூடாத ஒரே பலகை இதுதான். தனிய ஓட ஆகக் குறைஞ்சது பத்து மணித்தியாலப் பயிற்சியாவது வேணும், எனக்கு ஆறுக்குப் பிறகு லீவு முடிஞ்சுது, காசும் முடிஞ்சுது. மன்னாரிலயும் பழக்கினம், பூநகரியால போனா 100 கிலோமீற்றர் சொச்சம்தான், கையில காசும் நேரமும் இருக்கிற ஆள், பிள்ளையள் வெளியால போயிட்டுதுகள் எண்டா, யோசிக்காமல் இதுக்குப் போங்கோ, நான் பொறாமைப்படுவன்.

உடுப்பு, ஊர்வாய் ரெண்டைப் பற்றியும் தங்கச்சி கேட்டவள். நீளக்கை ரைற் சேட்டும் லெகிங்ஸும், அதுக்கு மேல ஒரு அரைக் காற்சட்டை, வெயிலுக்கும் நல்லம் சொறிமுட்டைக்கும் நல்லம், சுடிதார் மட்டும் வேண்டாம், சால்வை காலில சுத்தும், துணி தண்ணியை உறிஞ்சிக் கீழ இழுக்கும். தாலிக்கொடியை நான் வீட்டில கழட்டி வைச்சிட்டுப் போறனான், மாமி முதல் நாள் முகத்தைத் திருப்பினவா, அடுத்த நாள் அவாவே "கடலுக்க போட்டிட்டு வந்து நிக்காத, கழட்டித் தா" எண்டு வாங்கி அலுமாரிக்க வைச்சவா. அதோட ஒரு விசயம், இருமினா, துள்ளினாச் சொட்டுற பிரச்சினை எங்கட வயசில பாதிப் பேருக்கு இருக்கு, ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல, ஸ்கேட்போர்ட்டில அது தெரியும், தண்ணியில ஆருக்குத் தெரியப் போகுது. திடீரெண்டு உடம்பு கொதிச்சு வேர்க்கிற அந்த வருத்தத்துக்கும் கடலைவிட நல்ல மருந்தை நான் காணேல்ல.

நீந்தத் தெரியாட்டி எல்லாத்துக்கும் முதல் அதைப் பாருங்கோ. நான் 44ல கீரிமலைப் பொம்பிளையள் கேணிக்க மிதக்கப் பழகினனான், மறைப்புச் சுவர் இருக்கிறதால வெட்கம் இல்லை, அங்க குளிக்க வந்த ஒரு ஆச்சிதான் நாரிக்குக் கீழ கையை வைச்சுத் தாங்கிப் பிடிச்சவா.

அப்ப தங்கச்சிக்கு என்ன சொல்லுறது. அவளுக்கு வலது தோள் போன வருசம் இறுகி இப்பதான் விட்டுக்கொண்டு வருது, ரெண்டு சின்னப் பிள்ளையள், சனிக்கிழமை காலமை மட்டும்தான் அவளின்ர. ஆகவே அறுகம்பே இந்த வருசம் இல்லை. ஸ்கேட்போர்ட் வேணுமெண்டா கிறிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம், மணிக்கட்டுக் கவசம் வாங்காமல் கிறிலை விடக்கூடாது. துடுப்புப் பலகையைக் காசு குடுத்து வாங்கவும் தேவையில்லை, என்ரயில ஏறட்டும், துடுப்பைத் தோளுக்கு மேல தூக்காமல் கீழ்க்கையால வலிச்சா அந்தத் தோளுக்கும் நோகாது. வாற சனி விடிய அஞ்சரைக்கு அவளின்ர வீட்டு வாசலில நிப்பன் எண்டு சொல்லியிருக்கிறன். தேத்தண்ணி நான் கொண்டு போறன், கடைசி அஞ்சு பி.எஸ்.ஐ அவள் அடிக்கட்டும், இடதுகையால எண்டாலும்.